இன்னைக்கு என்ன கொழம்பு?

அவர் தெருவுக்குள் வரும்போது முதலில் வருவது மூக்கு. அதன் பின்னால் ஒரு சைக்கிள், சைக்கிளின் ஹாண்டில்பாரில் ஒரு தோல்பை, இத்தனையையும் உருட்டிக்கொண்டு கடைசியாக அவர். அவ்வளவு பெரிய மூக்கை இவ்வளவு ஒல்லியான ஆள் சுமப்பதே பெரிய விஷயம் என்று எங்கள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்வோம்.

சர்க்கார் காகிதத்தில் அவர் வாக்சினேட்டர். ஊர் வாயில் அம்மை குத்துறவரு. கீழ மூன்றாம் வீதிப் பெண்கள் மட்டும் வேறு பேர் வைத்திருந்தார்கள்: கொழம்புக்காரரு.

காரணம் இருந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிற நேரம் பார்த்துத்தான் தெருவுக்குள் வருவார். வாசலில் யார் நின்றாலும் ஒரே கேள்விதான்.

"என்ன தாயி, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"மொச்சைக்கொட்டை போட்டுக் காரக்கொழம்புங்க."

"வெந்தயம் கொஞ்சம் தீஞ்சிருச்சு போலருக்கே?"

அந்த அம்மாள் அடுப்படிக்கு ஓடுவாள். அவர் அடுத்த வீட்டுக்கு உருட்டுவார்.

ஒருநாள் ஒரு புண்ணியவதி, பாவம், பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுசன் என்று இரங்கி, ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பே கொண்டுவந்து நீட்டினாள். இவர் வாங்கினார். கண்ணை மூடினார். கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி நெஞ்சு நிறைய ஓர் இழுப்பு இழுத்தார். "நல்லாருக்கு தாயி" என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தெரு அதைப் பல நாள் பேசியது. திங்காமல் மோந்து பார்த்துவிட்டுப் போகிற மனுசனை என்னவென்று சொல்வது?

எனக்கு விஷயம் தெரியும். லைன் வீட்டில் அவருக்கு அடுத்த அறை எனக்கு. அவருக்குக் குடலில் புண். எண்ணெய், காரம், புளி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் இட்லி, மத்தியானம் மோர்ச்சோறு, ராத்திரி மறுபடி இட்லி. நாக்குக்குத் தடை உத்தரவு வந்துவிட்டது. மூக்குக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். என் அறிவு எப்போதும் அந்த அளவில் நின்றுவிடும். நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பஸ் புறப்படும் நேரம் வந்தால் ஊதல் ஊத வேண்டும். அதையே நான் ஒழுங்காகச் செய்தேன் என்று எந்த டிரைவரும் சாட்சி சொல்ல மாட்டார்.

அந்தக் காலத்தில் வெயில் ஏறினால் பெரியம்மையும் ஏறும். யாரும் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கா என்பார்கள். உடம்பில் போட்டிருப்பது முத்து. ஆள் பிழைத்து எழுந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை வழியனுப்புவார்கள். அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். ஆனால் வேப்பிலையைப் பார்த்தால் சர்க்கார் ஆட்கள் வந்துவிடுவார்கள், பிள்ளையை ஊருக்கு வெளியே கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம். அதனால் வேப்பிலையைக் கொல்லைப்பக்கம் கட்டினார்கள். நோயாளியை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கேட்டால், "எல்லாரும் சௌக்கியந்தாங்க" என்றார்கள். அந்த சௌக்கியம் அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஒருநாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் கிண்டலாகக் கேட்டேன். "அண்ணே, ஊர்க் கொழம்பை எல்லாம் மோந்து பாத்து என்னண்ணே கண்டீங்க?"

"கொழம்பு இருக்குற வீட்டை நான் தேடலைப்பா" என்றார். "தாளிப்பு இல்லாத வீட்டைத் தேடுறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. வெடித்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள், முத்து எரியும். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் இதை மீற மாட்டாள். சர்க்காரிடம் ஆயிரம் பொய் சொல்வாள். ஆத்தாளுக்கு முன்னால் ஒரு கடுகைப் போட அவளுக்குக் கை வராது. தெரு முழுக்கக் கடுகு வெடித்துக் கருவேப்பிலை மணக்கும்போது ஒரு வீடு மட்டும் வெறும் கஞ்சி வாடையோடு இருந்தால், நம் ஆள் அங்கே சைக்கிளைச் சாய்ப்பார்.

செருப்பை வாசலிலேயே கழற்றுவார். குரலைத் தாழ்த்திக் கேட்பார். "ஆத்தா வந்திருக்காளா தாயி? பயப்படாதீங்க. கும்பிட்டுட்டு, மத்தவங்களுக்குக் குத்திவிட்டுட்டுப் போயிருவேன். என்னைய ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. இங்க பாருங்க, சின்ன வயசுலயே மூஞ்சி பூரா சீல் வச்சு விட்டுட்டா."

அந்தத் தழும்பு முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வழிவிடாமல் இருக்க முடியாது.

ஒரே ஒருமுறை மூக்கு ஏமாந்தது. தாளிப்பு வாசமே இல்லாத ஒரு வீட்டுக்குள் பக்தியோடு நுழைந்திருக்கிறார். பார்த்தால் அம்மையும் இல்லை, கிம்மையும் இல்லை. புருசன் பெண்டாட்டி சண்டை. சமைக்க மாட்டேன் என்று அவள் ஒரு மூலையில், சாப்பிட மாட்டேன் என்று அவன் ஒரு மூலையில். பையைத் திறந்தாயிற்று, சும்மா போக மனசில்லை. இரண்டு பேருக்கும் குத்திவிட்டு வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் கை வீங்கிக் காய்ச்சல். ஒருவர் கைக்கு ஒருவர் விசிறிவிட்டு, சண்டை தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு சண்டை போட்டுக்கொண்ட ஒன்றிரண்டு வீடுகளுக்கு அவரைக் கூப்பிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான்.

பட்டணத்தில் அம்மை பரவி, வெளியூர்களிலிருந்தும் குத்துகிற ஆட்களை வரவழைத்தபோது இவரும் போனார். போகும்போது மூக்கை நீவிவிட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"அங்க மூக்கு செத்துப்போச்சுப்பா. ஒரு வாசல்ல நுழைஞ்சா உள்ள ஏழெட்டுக் குடும்பம். ஒரு அடுப்புல தாளிக்கிறாங்க, ஒரு அடுப்புல கருவாடு. பக்கத்துல காப்பிக் கிளப்பு. அதுக்குப் பின்னாடி சாக்கடை. எது யாரு வீட்டு வாசம்னு எந்தச் சாமிக்குத் தெரியும்?"

"பெறகு எப்படிண்ணே கண்டுபுடிச்சாங்க?"

"ஒரு வீட்டுல இருக்குன்னு சேதி வந்தாப் போதும், சுத்தி இருக்குற அத்தனை வீட்டுக்கும் குத்துறது. இல்லாட்டி, சனம் தப்பிச்சு ஓட முடியாத எடமாப் பாத்து நின்னுக்கிறது. ரயிலை விட்டு எறங்குறவன் எங்கிட்டுப் போவான்? ஸ்டேஷன் கேட்டுல நின்னு கையைப் புடிச்சுக்கிட்டோம்."

பட்டணத்துப் பாடத்தை அந்த மாதமே புதுக்கோட்டையில் அவிழ்த்தார். சினிமாக் கொட்டகையில் இடைவேளை மணி அடித்ததும் வெளிக்கதவைச் சாத்திவிட்டு, தோல்பையோடு வாசலில் நின்றுகொண்டார். உள்ளே நானும் இருந்தேன்.

இங்கே என் வீரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தத் தோல்பைக்குள் வட்டமாகப் பல் வைத்த ஒரு சின்ன இரும்பு உண்டு. ஸ்பிரிட் விளக்கில் அதைக் காட்டி, ஆறவிட்டு, கையில் அம்மைப்பால் மருந்தைத் தடவி, அதன்மேல் வைத்து ஒரு திருகு. பச்சைப்பிள்ளைகள் 'ஊ' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மிட்டாய் கேட்கும். நானோ, அந்தப் பையின் பக்கிள் சத்தம் கேட்டாலே தெருமுனையைத் தாண்டியிருப்பேன். அடுத்த அறையிலேயே குடியிருந்தும், வருசக் கணக்கில் அவர் கைக்கு அகப்படாமல் இருந்தவன் நான்.

வாசலில் அவரைப் பார்த்ததும் திரும்பி ஓடினேன். மேடைப்பக்கம் ஒரு கதவு உண்டு. அதற்குப் போகத் திரைக்குக் குறுக்கே போக வேண்டும். விளம்பர ஸ்லைடு போட்டிருந்தார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவன் பனைமர உயரத்துக்கு நிழலாக ஓடியதைச் சனங்கள் பார்த்து விசிலடித்தார்கள். அன்றைய படத்தில் அதிகக் கைதட்டல் வாங்கிய கட்டம் அதுதான் என்று கேள்வி.

"ஓடு ஓடு" என்றார் அவர் மறுநாள், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "ஒரு நாளைக்கு நீயே கையை நீட்டுவ."

அந்த நாளை என் ஆத்தாதான், என்னைப் பெற்றவள்தான், கொண்டுவந்தாள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. குடுமியான்மலையிலிருந்து ஆத்தா வந்து இறங்கி, திருக்கோகர்ணத்தில் பெண் பார்த்திருப்பதாகச் சொன்னாள். பெண்ணின் அப்பா எண்ணெய்க் கடை வைத்திருக்கிறவர். தாய் இல்லை, வீட்டை நடத்துவது பெண்தான், பத்து வயதில் ஒரு தம்பி. பெண் பார்க்கப் போகும்போது பெரிய மனுசராக ஒருவர் கூட வேண்டுமே என்று அடுத்த அறைக்காரரையே ஆத்தா கூப்பிட்டுவிட்டாள். அவர் சட்டையைச் சலவைக்குப் போட்டு உடுத்தி, தோல்பையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது எதுக்குண்ணே?"

"இருக்கட்டும்பா. வெத்தலைப் பை மாதிரி."

போன இடத்தில் பாயை விரித்தார்கள். பஜ்ஜியும் கேசரியும் வந்தன. பெண் காபித் தட்டோடு வந்தாள். நான் தலைகுனிந்திருந்ததால் கால்விரலிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தேன். முகத்தை எட்டியபோது, அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான பெண். ஆனால் தூங்கிப் பல நாள் ஆன கண்.

எனக்குப் பிடித்துவிட்டது. ஆத்தாவுக்கும் பிடித்துவிட்டது என்பது அவள் இரண்டாவது பஜ்ஜி எடுத்ததில் தெரிந்தது. இவர் மட்டும் ஒரு பஜ்ஜியை மூக்கருகே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"கடைப் பஜ்ஜி" என்றார்.

ஆத்தா என்னைக் கிள்ளினாள். அவரைக் கிள்ள முடியாதல்லவா.

அவர் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். "இன்னைக்கு வீட்டுல என்ன கொழம்புங்க?"

"அது... கத்திரிக்கா போட்டுப் புளிக்கொழம்புங்க" என்றார் பெண்ணின் அப்பா. துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எண்ணெய்க் கடைக்காரர் வீடு. கூடம் முழுக்க நல்லெண்ணெய்ப் பானையும் கடலையெண்ணெய் டின்னும். அவ்வளவு எண்ணெய்க்கு நடுவில் ஒரு தாளிப்பு வாசம்கூட இல்லை என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

அவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுல தாளிச்சு நாளாச்சுங்க" என்றாள்.

அதற்குமேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆத்தாவின் கையிலிருந்த பஜ்ஜி பாதியில் நின்றது.

பெண்ணின் அப்பா உட்கார்ந்த இடத்திலேயே உடைந்துவிட்டார். "சின்னப் பயலுக்குங்க. நாள் சொல்லி அனுப்பின பெறகு ஆத்தா வந்துட்டா. வராதீங்கன்னு ஆள் விட்டா, பொண்ணு ராசி அப்படின்னு ஒரு பேச்சாயிருமேன்னு... தாளிச்சுப் போடு, வாசம் இருக்கட்டும்னு இவகிட்டச் சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க. கடையில வாங்கியாந்தேன்."

"மாட்டேன்னதுதான் சரி" என்றார் இவர். "பய குத்திக்கிட்டவனா?"

"எங்கிட்டுக் குத்திக்கிட்டான்? நீங்க வர்ற அன்னைக்கெல்லாம் குதிருக்குள்ள எறங்கி ஒளிஞ்சுக்குவான்."

சினிமாத் திரையில் ஓடிய அந்த நிழல் ஞாபகம் வந்தது. நானும் அவனும் ஒரே கட்சி. அவன் உள்ளே படுத்திருக்கிறான், நான் வெளியே கேசரி தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆத்தா எழுந்து நின்றாள். நின்றவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மை வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் முத்துப் போட்ட ஆத்தாளும் கூடவே கிளம்பிவிடுவாள். சொல்லாமல் போனால் மரியாதை இல்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். அதற்குள் இவர் போய் வெளிக்கதவைச் சாத்திவிட்டு, தோல்பையின் பக்கிளைத் தட்டினார்.

"வந்தது வந்தாச்சு. எல்லாரும் கையை நீட்டுங்க."

"நான் வருசா வருசம் ஆத்தாளுக்குக் கூழு ஊத்துறவ" என்று ஆத்தா சிலிர்த்தாள். "எனக்கெதுக்கு இதெல்லாம்?"

"ஆத்தா இந்த வீட்டுக்கு ஒரு எலைக்குத்தான் வந்திருக்கா, தங்கச்சி. நாம எதுக்குப் பந்தி விரிச்சு வைக்கணும்?"

ஆத்தா மறுபடி பாயில் உட்கார்ந்தாள். ஒருத்தர் சொல்லுக்குப் பணிவது அவள் வாழ்நாளில் அபூர்வம்.

முதலில் பெண்தான் கையை நீட்டினாள். அவர் திருகினார். அவள் இமைக்கவில்லை. முடித்துவிட்டு அவர் அடுத்தது யார் என்று பார்த்தார். அவளும் பார்த்தாள். அடுத்தது நான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை எப்படி ஓடுவது? சட்டைக் கையைச் சுருட்டினேன். அவர் இரும்பைக் காட்டுவதற்கு விளக்கின் திரியை ஏற்றினார். நீல நிறமாக எரிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது கூரை ஓடு தெரிந்தது. பெண் ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

"குத்தியாச்சா?" என்றேன்.

"இன்னும் இல்லீங்க" என்றாள். "விளக்குதான் பொருத்துனாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு என்று நினைக்கிறேன், உள்ளறையிலிருந்து, "அக்கா, யாரு விழுந்தா?" என்று ஒரு மெல்லிய குரல் வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அன்று மத்தியானமே அவர் அந்தத் தெருவில் இறங்கினார். ஒரு கதவும் திறக்கவில்லை. அதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? என்னைச் செலவழித்தார். ஒவ்வொரு சன்னலுக்கும் வெளியே நின்று, "கேளு தாயி, இன்னைக்கு இந்தத் தெருவுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தான். பஸ் ஸ்டாண்டுல ஊதல் ஊதுறவன். ஆளு வாட்டசாட்டம். நான் விளக்குத்தான் பொருத்துனேன்..." என்று ஆரம்பித்து, நடித்தும் காட்டியிருக்கிறார். விழுந்து எழுந்ததில் சலவைச் சட்டை புழுதியாகிவிட்டதாம். உள்ளே இருந்து சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் கதவு திறக்கும். கதவு திறந்தால் கை நீளும். "அவரு விழுந்தாரு, நான் விழறேனா பாருங்க" என்று பொடிப்பயல்கள் வரிசையில் நின்றார்களாம். என் மானம் திருக்கோகர்ணத்தில் வீடு வீடாக விநியோகமானது. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் அம்மை போகவில்லை.

ஆனால் அந்தப் பையன் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை, குரல் அடங்கிப்போயிற்று. நான் அங்கே போகக் கூடாது என்று இவர் உத்தரவு. ஆத்தா ஊருக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "புள்ளை பொழைச்சு எந்திரிச்சாப் பேசுவோம். இல்லாட்டி அந்த எடம் நமக்கு வேணாம்ப்பா. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒண்ணு இருக்கு." எனக்குக் குன்றாண்டார்கோவில் பஸ்ஸைக் கண்டாலே எரிச்சல் வந்தது. அதைக் காரணமில்லாமல் தாமதமாக அனுப்பினேன்.

தினமும் சாயங்காலம் அவர் அறைக்கு முன்னால் போய் நிற்பேன்.

"அண்ணே?"

"கஞ்சி வாடைதான்" என்பார். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வார். சில நாள் அவர் இட்லி அப்படியே இலையில் காய்ந்து கிடக்கும்.

ஒருநாள் பகல், பஸ் ஸ்டாண்டில் கூட்டம். அறந்தாங்கி பஸ் புறப்பட நின்றுகொண்டிருந்தது, கண்டக்டர் டீக்கடையில். சாலை முனையில் ஒரு சைக்கிள் தெரிந்தது. அவர் அதை ஓட்டி நான் பார்த்ததே இல்லை, எப்போதும் உருட்டுவார். அன்று ஹாண்டில்பாரை விட்டுவிட்டு ஒரு கையை ஆட்டிக்கொண்டு வந்தார். தோல்பை ஒரு பக்கம் பறந்தது.

"தாளிச்சுட்டாங்கப்பா!" என்று கத்தினார். "தாளிச்சுட்டாங்க!"

பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் சன்னலுக்கு வெளியே வந்தது. என் வாயில் ஊதல் இருந்தது. சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் ஊதிவிட்டேன். டிரைவர் சமர்த்தாகப் பஸ்ஸை எடுத்துவிட்டார். "யோவ், நிறுத்துய்யா, நான் இன்னும் ஏறலைய்யா" என்று டீ கிளாசோடு கண்டக்டர் பின்னால் ஓடினார்.

"என்னய்யா நடந்துச்சு?" என்றாள் ஒரு கிழங்குக் கூடைக்காரி.

"இந்தப் பயலுக்குக் கல்யாணம்" என்றார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"என்ன கொழம்புண்ணே?" என்று கேட்டேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"பயலுக்குக் காலையில தண்ணி ஊத்திட்டாங்க. எந்திரிச்சு உக்காந்ததும் வத்தக்கொழம்பு கேட்டானாம். நான் தெருமுனையில திரும்புறேன், கடுகு வெடிக்குது. வடகம், கருவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் ஒண்ணாச் சேந்து..." அந்தப் பெரிய மூக்கு சிவந்துவிட்டது. துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"நெடிப்பா" என்றார். "தாளிப்பு நெடி."

திருக்கோகர்ணம் ஊரின் வடக்குக் கோடி. அங்கே வெடித்த கடுகின் நெடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து கண்ணைக் கரிக்குமா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கரித்துக்கொண்டுதான் இருந்தது.